பக்க இழுப்பறை திறக்கவில்லையா? முதலில் நடு இழுப்பறையை இழுங்கள்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், நார்ஃபோக் பக்கம் குடிவந்த பிறகுதான் பழைய ராணுவ மேசை நாற்காலிகளை வாங்கிச் சரிசெய்யும் இந்த ஆசை எனக்குப் பிடித்தது. உலகிலேயே பெரிய கடற்படைத் தளம் இருக்கும் ஊர் இது. படைகள் கழித்துவிட்ட சாமான்கள் ஏலத்திலும் பழைய பொருள் கடைகளிலும் வந்து விழுந்துகொண்டே இருக்கும். 1940-களிலிருந்து 1970-கள் வரை அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த இரும்பு மேசைகள், அலுமினிய நாற்காலிகள், லாக்கர்கள், கோப்புப் பெட்டகங்கள் என்று நிறைய என் கைக்கு வந்தன. ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கோளாறோடுதான் வந்தது. அவற்றில் பாதி, வயதால் வந்த கோளாறு இல்லை. நடுவில் யாரோ அவசரப்பட்டுச் செய்த ரிப்பேரால் வந்தது.

அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் நான் ஒரே வரிசையில்தான் போவேன். முதலில் பார்ப்பது, அப்புறம் துடைப்பது, அப்புறம் எண்ணெய் விடுவது. உப்புத்தாளைக் கடைசியில்தான் எடுப்பேன், பல சமயம் எடுக்கவே மாட்டேன்.

இது எந்தக் காலத்தது, உண்மையில் ராணுவத்துடையதா என்று தெரியவில்லை

டார்ச், சின்னக் காந்தம், போன் கேமரா மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேசை என்றால் நடு இழுப்பறையின் உள்பக்கம், கால் வைக்கும் இடத்தின் மேல்பகுதி, பின்பலகை. நாற்காலி என்றால் இருக்கைக்கு அடியில். அங்கே தகடோ, ஸ்டென்சில் எழுத்தோ, வெறும் மை முத்திரையோ இருக்கும். துணியால் தேய்ப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். மை முத்திரை ஈரத்துணி பட்ட முதல் நொடியிலேயே போய்விடலாம். எனக்கு ஒரு லாக்கரில் அப்படிப் போயிருக்கிறது, இன்றும் அந்த வருத்தம் உண்டு.

தகட்டில் இருக்கும் சரக்கு எண்தான் முக்கியம். 7110 என்று தொடங்கினால் அலுவலக மேசை நாற்காலி வகை. 7105 குடியிருப்புக்கான சாமான், 7125 லாக்கர், அலமாரி, அடுக்கு வகை. எண்ணில் மொத்தம் 11 இலக்கம் இருந்தால் அது 1974-க்கு முந்தைய முறை. 13 இலக்கம் இருந்து, முதல் நான்கு இலக்கத்துக்குப் பிறகு 00 அல்லது 01 வந்தால், அந்தத் தகடு 1974 கடைசிக்குப் பிறகு அடித்தது. தகட்டின் வயதும் மேசையின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பழைய சாமானுக்குப் புதுத் தகடு அடித்ததும் உண்டு.

ஒப்பந்த எண்ணையும் பாருங்கள். ஜி.எஸ். என்று தொடங்கினால் 1949-ல் உருவான பொதுச் சேவை நிர்வாகம் வாங்கியது. அது ராணுவத்துக்கும் போயிருக்கலாம், ஒரு வரி அலுவலகத்துக்கும் போயிருக்கலாம். டி.எஸ்.ஏ. என்றிருந்தால் 1961 முதல் 1977 தொடக்கம் வரை அந்தப் பெயரில் இருந்த பாதுகாப்பு வழங்கல் முகமை வாங்கியது, ராணுவச் சாமான் என்று நம்பலாம். யுனிகோர் என்ற பெயர் இருந்தால், அமெரிக்க மத்தியச் சிறைகளின் தொழிற்கூடங்களில் செய்தது. அந்த நிறுவனம் 1934-லேயே தொடங்கியது, ஆனால் யுனிகோர் என்ற பெயர் வந்தது 1977-ல். விற்பவர் அதை 1950-களின் கொரியப் போர்க் கால மேசை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

பக்க இழுப்பறைகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை

டேங்கர் மேசை என்று இங்கே எல்லோரும் சொல்லும் அந்தப் பெரிய மேசையில் வரும் முதல் புகார் இதுதான். ஸ்டீல்கேஸ், ஆல்-ஸ்டீல், மெக்டோவல் கிரெய்க், ஜெனரல் ஃபயர்ப்ரூஃபிங், ஷா-வாக்கர் என்று பல கம்பெனிகள் செய்தன. 60 அங்குல நீளம், 30 அங்குல அகலம், இரண்டு பக்கமும் இழுப்பறைக் கூடு, மேலே லினோலியம். பூட்டே இல்லாத பக்க இழுப்பறை திறக்காது. வாங்கியவர் கடப்பாரையைத் தேடுவார். நான் பார்த்த மேசைகளில் மூன்றில் ஒன்றிலாவது இழுப்பறை ஓரத்தில் நெம்பிய வடு இருக்கிறது.

நம் வீட்டு கோத்ரேஜ் பீரோவை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை ஒரு முறை திருப்பினால் உள்ளே கம்பிகள் மேலும் கீழும் போய்க் கதவைப் பிடித்துக்கொள்ளும். இந்த மேசையிலும் அதே யோசனைதான், கைப்பிடிக்குப் பதிலாக நடு இழுப்பறை. அதை முழுதாக உள்ளே தள்ளினால் அதன் பின்பக்கம் ஒரு நெம்புகோலை அழுத்தும். நெம்புகோல் இரண்டு பக்கக் கூடுகளுக்குள் இருக்கும் பட்டையை நகர்த்தும். பட்டையில் உள்ள கொக்கிகள் எல்லா இழுப்பறையையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். நடு இழுப்பறைக்கு மட்டும் ஒரு பூட்டு போட்டால் மேசை முழுக்கப் பூட்டியாகிவிட்டது.

ஆகவே நடு இழுப்பறையை இரண்டு அங்குலம் வெளியே இழுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பதை முயன்று பாருங்கள். பாதிப் பேருக்கு இதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

முடியவில்லையா? நடு இழுப்பறையை முழுதாகக் கழற்றி எடுத்துவிட்டு, கால் வைக்கும் இடத்தில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பக்கம் அந்த நெம்புகோல் தெரியும். விரலால் தள்ளினால் இரண்டு பக்கமும் ‘டக்’ என்று கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்டால், கேட்காத பக்கம் இணைப்புக் கம்பி கழன்றிருக்கிறது. மேல்பலகையைக் கழற்றி மாட்டியவர்கள் அதைத் திரும்ப மாட்ட மறந்திருப்பார்கள். சத்தமே இல்லாமல் மெதுவாக நகர்ந்தால் கிரீஸ் இறுகிப்போய்விட்டது. துருவுக்குள் ஊறும் எண்ணெயைப் பட்டையின் தடத்தில் விட்டு, கால் மணி நேரம் பொறுத்து, நெம்புகோலை முன்னும் பின்னும் இருபது முப்பது முறை ஆட்டுங்கள். சில மேசைகளில் பட்டை தன் எடையாலேயே கீழே விழுந்து பூட்டும். அந்த வகை சிக்கிக்கொண்டால் இரண்டு பேராகச் சேர்ந்து மேசையை ஒருபக்கமாகச் சாய்த்தாலே விட்டுவிடும். நெம்புகோலே வளைந்திருந்தால் இடுக்கியால் நிமிர்த்தலாம், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக.

ஒரு எச்சரிக்கை. ஒரு பக்கக் கூட்டில் இழுப்பறைகளுக்குப் பதிலாகக் கதவு இருந்தால், உள்ளே தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கி நிறுத்தும் தட்டு இருக்கலாம். கனமான இயந்திரத்தைத் தூக்கக் கட்டிய ஸ்பிரிங் அது. இப்போது மேலே எடை இல்லாததால் பூட்டைத் தட்டியதும் பாய்ந்து வரும். முகத்தையும் விரல்களையும் தள்ளி வைத்துக்கொண்டு திறங்கள்.

திறக்கிறது, ஆனால் கரகரவென்று இழுக்கிறது

இழுப்பறையை முழு நீளத்துக்கு இழுத்து, முன்பக்கத்தைத் தூக்கினால் பெரும்பாலும் கழன்று வரும். தடத்தில் இருக்கும் பழுப்புக் களிம்பு ஒரு காலத்தில் கிரீஸாக இருந்தது. அதன் மேலேயே புது எண்ணெய் விடாதீர்கள், நாலு நாள் நன்றாக ஓடிவிட்டு முன்னைவிட மோசமாகும். மினரல் ஸ்பிரிட்டோ மண்ணெண்ணெயோ தோய்த்த துணியால் உலோகம் தெரியும்வரை துடைத்துவிட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள்.

உருளையைக் கையால் சுற்றிப் பாருங்கள். கோப்புகள் நிறைந்த இழுப்பறை பல வருடம் ஒரே இடத்தில் நின்றிருந்தால் உருளையின் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். அதைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். குண்டு உருளும் தடமாக இருந்தால் இரண்டு பக்கமும் குண்டுகளை எண்ணுங்கள். எண்ணிக்கை வேறாக இருந்தால் அங்கேதான் விஷயம்.

பூட்டியிருக்கிறது, சாவி இல்லை

சாதாரண மேசைப் பூட்டு என்றால் முகத்தில் எழுத்தும் எண்ணுமாகப் பொறித்த குறியீடு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அந்தக் குறியீட்டை வைத்தே சாவி வெட்டித் தருவார்கள். துளை போடுவது கடைசி வழி.

எண் வட்டு வைத்த நாலு இழுப்பறைப் பெட்டகம் வேறு ரகம். ரகசியக் கோப்புகள் வைக்கச் செய்தவை இவை, நாலு பேர் இல்லாமல் அசையாது. அரசு இவற்றைக் கழிக்கும்போது எண்ணை 50-25-50 என்று மாற்றி வைப்பதுதான் வழக்கம். பூட்டு ஆசாரியைக் கூப்பிடும் முன் அதைப் பொறுமையாகப் பத்து முறை முயன்று பாருங்கள். வட்டை இடப்புறம் 50 நான்காவது முறை வரும்வரை, வலப்புறம் 25 மூன்றாவது முறை வரும்வரை, இடப்புறம் 50 இரண்டாவது முறை வரும்வரை, அப்புறம் வலப்புறம் நிற்கும்வரை சுற்றுங்கள். ஒரு எண்ணைத் தாண்டிவிட்டால் பின்னோக்கி வராதீர்கள், முதலிலிருந்து தொடங்குங்கள்.

நெருப்புக்குத் தாங்கும் பழைய பெட்டகங்களில் உள்ளடைப்பு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அதனால் துளையிடும் வேலை நம்முடையது இல்லை. உள்ளே காகிதம் இருந்தால்? ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஒரு பழைய சாமான் கடையில் விற்ற இரண்டு பூட்டிய அலமாரிகளைத் துளையிட்டுத் திறந்தபோது அமைச்சரவை ரகசியக் கோப்புகள் வந்தன. 2018 ஜனவரியில் அந்நாட்டு ஒளிபரப்பு நிறுவனமான ஏ.பி.சி. அதைச் செய்தியாக்கியது. உங்களுக்கு அப்படி ரகசிய முத்திரை போட்ட தாள் கிடைத்தால் படிக்காமல், படம் எடுக்காமல், அதிகாரிகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

துரு

இதில் மூன்று நிலை உண்டு. விரலில் ஒட்டும் செம்பொடி என்றால் மேல்துரு. பெயின்ட் கொப்புளித்திருந்தால் துரு அடியில் நடந்துகொண்டிருக்கிறது. ஊசியால் அழுத்தினால் உள்ளே போகிறது என்றால் தகடே போய்விட்டது.

மேல்துருவுக்கு 0000 என்று நான்கு சுழி போட்ட மிக மெல்லிய இரும்புப் பஞ்சும் இலேசான எண்ணெயும் போதும். கைப்பிடி, ஸ்க்ரூ போன்ற கழற்றக்கூடிய பாகங்களை வெந்நீரில் கரைத்த சிட்ரிக் அமிலத்தில் சில மணி நேரம் ஊறவைக்கலாம். எடுத்ததும் சோடா உப்புத் தண்ணீரில் அலசி உடனே காயவைத்து எண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் கண்ணெதிரே மறுபடி சிவக்கும். ஸ்பிரிங்கை மட்டும் அமிலத்தில் போடாதீர்கள். கடினப்படுத்திய எஃகு ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், அப்புறம் ஒரு நாள் சொல்லாமல் உடையும். மின்சாரம் வைத்துத் துரு எடுப்பவர்கள் எதிர்த் தகடாகத் துருப்பிடிக்காத எஃகை வைக்கக் கூடாது. தண்ணீரில் நச்சுக் குரோமியம் கலந்துவிடும்.

கொப்புளத்துக்கு, இளகிய பெயின்ட்டை மட்டும் ஈரத்தோடு சுரண்டிவிட்டு பாஸ்பாரிக் அமிலம் உள்ள துருமாற்றியைப் பூசுங்கள், கருப்பாக மாறி இறுகும். லாக்கர்களிலும் மேசைக் கூடுகளிலும் அடிப்பக்கம்தான் முதலில் போகும், துடைப்பம் வைத்துத் தினமும் தண்ணீரில் தரையைத் துடைத்த கட்டடங்களில் இருந்தவை அவை. ஓட்டையே விழுந்திருந்தால் உள்பக்கமாகத் தகடு ஒட்டுங்கள். வெளியில் பட்டி பார்த்து மழுப்பினால் இரண்டு வருடத்தில் விரிசல் விட்டு வெளிவரும். வெல்டிங்தான் வேண்டும் என்றால் சுற்றியுள்ள பெயின்ட்டை எடுத்த பிறகுதான், ஈயப் புகை மூக்கில் ஏறக் கூடாது.

பெயின்ட் அடுக்கடுக்காக இருக்கிறது, அசல் நிறம் தெரியவில்லை

இதில் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. மீட்க முடியாத தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

முதலில் ஈயம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-ல். நாம் பேசும் சாமான்கள் எல்லாம் அதற்கு முந்தையவை. உங்கள் மேசையில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடாதீர்கள், மின் தேய்ப்பானைத் தொடவே வேண்டாம், வெப்பத் துப்பாக்கியும் வேண்டாம். ஈரமாகத் தேய்த்து, நுண்தூசு பிடிக்கும் முகமூடி போட்டு, குழந்தைகள் வராத இடத்தில் செய்யுங்கள். அலுமினியத்தில் மஞ்சள் பச்சையாக ஒரு அடிப்பூச்சு தெரிந்தால் அது துத்தநாகக் குரோமேட்டாக இருக்கலாம். புற்றுநோய் வரவழைக்கும் பொருள், அதைத் தூசாக்கவே கூடாது. பழைய கையேடுகள் சொல்லும் மெத்திலீன் குளோரைடு பெயின்ட் நீக்கியை 2019-ல் இங்கே வீட்டு உபயோகத்துக்குத் தடைசெய்துவிட்டார்கள். கராஜில் பழைய டப்பா இருந்தாலும் தொடாதீர்கள்.

அடுத்தது, மேலே இருக்கும் அடுக்கு எது? மறைவான இடத்தில் ஒரு துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை நனைத்து ஒரு நிமிடம் வைத்துத் தேயுங்கள். தண்ணீரில் கரையும் லேட்டக்ஸ் பெயின்ட்டை யாராவது பின்னால் அடித்திருந்தால் அது பிசுபிசுத்து வந்துவிடும். தொழிற்சாலையில் சூளையில் சுட்டு இறுக்கிய அசல் எனாமலுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மேசையை இப்படியே துணியும் ஆல்கஹாலுமாக மூன்று வாரம் உட்கார்ந்து எடுத்தேன். வெள்ளைக்குக் கீழே சாம்பல் நிறம், அதன் மேல் ஸ்டென்சிலில் ஒரு அறை எண், எல்லாம் முழுதாக இருந்தன. மணல் வீசும் பட்டறையில் கொடுத்திருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும், அந்த எண்ணும் போயிருக்கும்.

அசல் நிறம் வெயில் படாத இடத்தில் இருக்கும். இழுப்பறையின் பின்பக்கம், தகட்டுக்கு அடி, ஸ்க்ரூ வாஷருக்கு அடி. அங்கே பார்த்து நிறம் சேருங்கள். 1956-ல் வந்த அமெரிக்க மத்திய அரசின் நிறத் தரநிலை 595 ஒவ்வொரு நிறத்துக்கும் ஐந்து இலக்க எண் கொடுத்தது. முதல் இலக்கம் பளபளப்பு. 1 என்றால் பளபளப்பு, 2 என்றால் பாதி, 3 என்றால் மங்கல். இரண்டாவது நிறக் குடும்பம், 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல். 34087 என்றால் மங்கலான ஆலிவ் பச்சை, 24087 அதே நிறம் பாதிப் பளபளப்பில். விற்பவர்கள் ‘ராணுவப் பச்சை’ என்று எல்லாவற்றின் மேலும் மங்கல் பெயின்ட்டை அடித்துவிடுகிறார்கள். அலுவலக மேசைக்குப் பாதிப் பளபளப்புதான் பெரும்பாலும் பொருந்தும். சாம்பலாகப் பிறந்த மேசையைப் பச்சையாக்கி ராணுவ மேசை என்று விற்பதும் நடக்கிறது, ஸ்க்ரூவை ஒன்று கழற்றினால் தெரிந்துவிடும்.

டிங்கரிங் செய்ய ஆசைப்பட வேண்டாம். சின்னப் பள்ளங்கள் இருக்கட்டும்.

லினோலியம் வெளுத்து, விரிசல் விட்டிருக்கிறது

லினோலியம் ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்துச் சணல் துணியில் பூசியது, பிளாஸ்டிக் இல்லை. அமோனியா, காரமான தரை துடைக்கும் திரவம் எல்லாம் அந்த எண்ணெயைத் தின்றுவிடும். மென்மையான சோப்பு, அதிகம் பிழிந்த துணி, காய்ந்ததும் பேஸ்ட் வேக்ஸ் இரண்டு கை. வெளுத்த பழுப்பு கண்ணெதிரே ஆழமாகும். ஓரம் எழும்பியிருந்தால் ஹேர் டிரையரில் இலேசாகச் சூடாக்கி, இளகியதும் ஒட்டி, மேலே புத்தகங்களை அடுக்கி ஒரு நாள் விடுங்கள். முழுதாகப் பெயர்த்தே ஆக வேண்டும் என்றால் நிறுத்துங்கள். அடியில் இருக்கும் கருப்புப் பசையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஒரு துண்டை ஈரமாக்கி எடுத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பி, பதில் வந்த பிறகு மேற்கொண்டு யோசியுங்கள். பெரும்பாலும் பழையதின் மேலேயே புது லினோலியம் ஒட்டிவிடுவது நல்லது.

அலுமினிய நாற்காலியில் உட்கார்ந்தால் துணி கருக்கிறது

எமெக்கோ 1006 என்ற நாற்காலியைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். 1944-ல் கடற்படைக்காக வந்தது, இன்றும் பென்சில்வேனியாவின் ஹனோவரில் செய்கிறார்கள், செய்முறையில் 77 படிகள் என்று கம்பெனியே கணக்குச் சொல்கிறது. எடை 3 கிலோவுக்குச் சற்று மேல். அலுமினியத்தை வெல்டிங் செய்து, தேய்த்து, வெப்பப் பதம் கொடுத்து, கடைசியில் ஆனோடைசிங் செய்வார்கள், அதாவது மின்சாரம் செலுத்தி மேற்பரப்பில் கெட்டியான ஆக்சைடு படலம் உண்டாக்குவார்கள். அந்தக் கடைசிப் பூச்சுதான் துணியைக் காப்பது. யாரோ கண்ணாடி போல மின்ன வேண்டும் என்று மெருகேற்றியிருந்தால் பூச்சு போய்விட்டது, வெறும் அலுமினியம் கையிலும் சட்டையிலும் கருப்பாக ஒட்டும். மீண்டும் ஆனோடைசிங் செய்யும் பட்டறை கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் மாதம் ஒரு முறை வேக்ஸ். அடுப்பு கழுவும் காரத் திரவத்தைக் கொண்டு மட்டும் சுத்தம் செய்யாதீர்கள், அதில் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடு அலுமினியத்தையே கரைக்கும்.

வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அங்கே இரும்பு ஸ்க்ரூ இருக்கும். இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். ஸ்க்ரூ வர மறுத்தால் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். அது எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். திரும்பப் போடும்போது நைலான் வாஷர் வையுங்கள்.

போலியா என்ற சந்தேகத்துக்குக் காந்தம் வையுங்கள். ஒட்டினால் எஃகு, எமெக்கோ இல்லை. ஒட்டாததால் மட்டும் அசல் ஆகிவிடாது. மூட்டுகளில் விரலை ஓட்டுங்கள், அசலில் வெல்டிங் மேடு தட்டுப்படாது. நகல்கள் நிறைய வந்ததால்தான் எமெக்கோ 2012-ல் ரெஸ்டோரேஷன் ஹார்ட்வேர் என்ற மேசை நாற்காலி விற்கும் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது, அடுத்த ஆண்டு சமரசமானது. பஞ்சு வைத்த அலுமினிய நாற்காலி என்றால் ஜெனரல் ஃபயர்ப்ரூஃபிங் செய்த குட்ஃபார்மாக இருக்கலாம். அதுவும் அருமையான நாற்காலி, விலையும் குறைவு.

வாசலில் நுழையவில்லை, வைத்த பிறகு ஆடுகிறது

மேல்பலகை அடியிலிருந்து ஸ்க்ரூவில் நிற்கிறது. அதையும் இழுப்பறைகளையும் எடுத்துவிட்டால் மிச்சம் வாசலில் போகும். ஒவ்வொரு ஸ்க்ரூவும் எங்கிருந்து வந்தது என்று எழுதிய உறையில் போடுங்கள். திரும்பப் பூட்டும்போது எதையும் முழுதாக முறுக்காமல், எதிரெதிர் மூலைகளைக் குறுக்காக அளந்து இரண்டு அளவும் சமமான பிறகு முறுக்குங்கள். அப்புறமும் ஆடினால் கால் அடியில் உள்ள மட்டம் செய்யும் திருகைத் திருப்பினால் போதும்.

இழுப்பறையில் புகையிலை நாற்றம்

உலோகத்துக்கு வாசனை ஒட்டாது, மடிப்புகளில் சேர்ந்த அழுக்குக்குத்தான். சோப்புத் தண்ணீரில் பல் துலக்கும் பிரஷ் வைத்து மடிப்புகளைத் தேய்த்து, உடனே துடைத்து, வெயிலில் ஒரு நாள் திறந்து வையுங்கள். கழுவும் முன் இழுப்பறைக்குப் பின்னால் கூட்டுக்குள் கையை விட்டுத் துழாவுங்கள். பென்சில் துண்டு, கார்பன் தாள், மடித்த படிவம் ஏதாவது விழுந்து கிடக்கும். நான் கிடைத்ததை ஒரு உறையில் போட்டு, எந்த மேசை, எந்தத் தேதி என்று எழுதி, அதே இழுப்பறையின் அடியில் ஒட்டிவிடுகிறேன்.